முனியப்பனுக்குச் சொன்ன கெடு

ஒன்பது வருடமாகக் குடிக்காதவர் என்று கள்ளக்குறிச்சியில் செல்லமுத்துவுக்கு ஒரு பெயர் இருந்தது. குடிக்காதவன் ஒருவன் கிடைத்துவிட்டால் ஊர் சும்மா விடாது, எல்லாப் பொறுப்பையும் அவன் தலையில் கட்டிவிடும். தெருவில் மாரியம்மன் திருவிழா என்றால் உண்டியல் சாவி அவரிடம். கல்யாண வீட்டில் பிரியாணி அண்டாவுக்குக் காவல் அவர். மது ஒழிப்பு ஊர்வலத்தில் பேனரின் வலது கம்பு அவர் கையில். ஒருமுறை மைக்கையும் கொடுத்துவிட்டார்கள். "மனசு வெச்சா எல்லாம் முடியுங்க. என்னையே பாருங்க" என்று பேசினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பலமாகக் கைதட்டினார்கள். கூட்டத்தில் நின்றிருந்த அவர் மனைவி நிர்மலாவுக்கு மட்டும் அந்த நேரம் பார்த்து இருமல் வந்துவிட்டது.

இருமலுக்குக் காரணம் உண்டு. செல்லமுத்து மனசு வைத்து நிறுத்தியவர் அல்ல. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்.

கதை 2016இல் ஆரம்பிக்கிறது. அப்போது அவர் அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். கூட மூட்டை தூக்கியவர்கள் எல்லாம் கிடைத்ததைக் குடித்தார்கள். செல்லமுத்துவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அவர் குடித்தது ஜமீன் பிளாக் என்ற ஒரே ஒரு பீர். பீர் என்றதும் மஞ்சளாக, நுரையாக, காலேஜ் பையன்கள் குடிப்பது என்று நினைத்துவிட வேண்டாம். இது கஷாயத்தைப் போலக் கருப்பு. வெல்லப்பாகு அடிப்பிடித்த வாசனை. இரண்டு பாட்டில் உள்ளே போனால் மூன்றாவது பாட்டிலின் பெயர் மறந்துபோகும். லேபிளில் மீசைக்காரர் ஒருவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஒரு சென்ட் நிலம் இல்லாத செல்லமுத்து தினமும் சாயந்தரம் அந்த ஜமீன்தாரோடு சரிக்குச் சமமாக உட்கார்ந்து எழுந்தார். மற்ற சரக்கைக் குடிப்பவர்களைப் பார்த்தால் அவருக்கு ஒரு இளக்காரம். "இத்தெல்லாம் மனுசன் குடிப்பானா?" என்பார். ராத்திரியானால் அந்த மனுசர்கள்தான் அவரைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போவார்கள்.

நிர்மலா அழுதாள், சண்டை போட்டாள், சின்னசேலத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனாள், திரும்பி வந்தாள். கடைசியில் அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் செய்வதைச் செய்தாள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் போகிற பாதையில் ஒரு முனியப்பன் இருக்கிறார். குடிகாரப் புருஷனைக் கூட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினால், பூசாரி கையில் கருப்புக் கயிறு கட்டுவார். கட்டுவதற்கு முன்னால் கெடு கேட்பார். எத்தனை நாளைக்குத் தொட மாட்டாய் என்பதை அவனே வாயால் சொல்ல வேண்டும். நாற்பத்தெட்டு நாள் என்பான் ஒருவன். தீபாவளி வரைக்கும் என்பான் இன்னொருவன். சொன்ன கெடுவுக்குள் தொட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்பது நம்பிக்கை. கெடு முடிந்தால் அதே இடத்துக்கு, அன்றைக்குக் கூட நின்றவரையும் கூட்டிக்கொண்டு வந்து, பூசாரி கையால் கயிற்றை அறுத்துக்கொள்ள வேண்டும். அவசரக்காரர்கள் மலை இறங்கும்போதே கடையில் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

செல்லமுத்துவுக்கும் அந்தக் கேள்வி வந்தது. பூசாரி பொன்னுரங்கம் கயிற்றை நீட்டிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எது வரிக்கும்பா?"

"ஒரு வருஷம்னு சொல்லுங்க" என்று நிர்மலா பின்னாலிருந்து முணுமுணுத்தாள்.

செல்லமுத்து அந்த நேரத்தில் தன் மூளையைப் பெரிய மூளை என்று நினைத்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்கக் கடையில் ஜமீன் பிளாக் வரவில்லை. லோடு அடுத்த மாதம் வந்துவிடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். வேறு சரக்கைத் தொடுவது எப்படியும் கௌரவக் குறைச்சல். ஆக, எப்படியும் காயப்போகிற ஒரு மாதத்தைச் சாமி கணக்கில் எழுதிவிட்டால் சாமிக்கும் சந்தோஷம், பெண்டாட்டிக்கும் சந்தோஷம்.

"ஜமீன் பிளாக் மறுபடி கடைக்கு வர்ற வரிக்கும் ஒரு சொட்டு தொட மாட்டேன் சாமி" என்றார்.

பொன்னுரங்கம் அப்படி ஒரு கெடுவை அதற்கு முன்பு கேட்டதில்லை. முனியப்பனைத் திரும்பிப் பார்த்தார். அவர் வழக்கம்போலக் கண்ணை உருட்டிக்கொண்டு சும்மா இருந்தார். கயிறு கட்டப்பட்டது.

லோடு அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. நான்காவது மாதம் கடைக்காரர் சொன்னார், கம்பெனியையே இழுத்து மூடிவிட்டார்களாம். செல்லமுத்து கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். சொந்தக்காரர் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து ஒருவர் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாராம்.

கால் விளங்காமல் போய்விடுமோ என்ற பயம் கொஞ்சநஞ்சம் இல்லை. மூட்டை தூக்குகிறவனுக்குக் கால்தானே எல்லாம். ஜமீனைத் திரும்பக் கொண்டுவர அவர் செய்யாத முயற்சியும் இல்லை. திங்கட்கிழமை மனு கொடுக்கும் நாளில் விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்கு பஸ் ஏறிப்போய், அனைத்துப் பொதுமக்களின் நலன் கருதி என்று ஆரம்பித்து ஒரு மனு கொடுத்தார். கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆன பிறகு பஸ் செலவு மிச்சம், நடந்தே போய் இன்னொரு மனு. முதியோர் உதவித்தொகைக்கும் பட்டாவுக்கும் வரிசையில் நின்ற ஜனங்கள், அவர் மனு எதற்கு என்று தெரிந்ததும் வழிவிட்டு முன்னால் அனுப்பினார்கள். பரிதாபமா பயமா தெரியவில்லை. அந்த மனுவைக் கொடுத்த அதே வாரம்தான் மது ஒழிப்பு ஊர்வலத்தில் பேனர் பிடித்தார். அவருக்கு அதில் ஒரு முரண்பாடும் தெரியவில்லை.

இதற்கிடையில் வாழ்க்கை அவரைக் கேட்காமலேயே நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. சாயந்தரங்களில் செய்வதற்கு ஒன்றுமில்லாததால் வண்டி ஓட்டப் பழகினார். லைசென்ஸ் வந்தது. மலையிலிருந்து புளியும் கடுக்காயும் வாங்கி விற்கிற அமீனுல்லா பாய், மலைப்பாதையில் ஓட்டக் குடிக்காத டிரைவர் ஒருவனைத் தேடித் தேடி ஓய்ந்திருந்தார். செல்லமுத்துவின் மணிக்கட்டில் கயிற்றைப் பார்த்ததும் வேறு எதுவும் கேட்கவில்லை, லோடு வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டார். மகள் சந்தியாவைத் தியாகதுருகத்திலிருந்து பெண் கேட்டு வந்தவர்களும் நகையைப் பற்றி அப்புறம்தான் பேசினார்கள். முதலில் விசாரித்தது அப்பன் குடிப்பானா என்பதைத்தான். கயிறு நைந்து நைந்து போக, ஒவ்வொரு ஆடியிலும் அதன் மேலேயே புதுக் கயிறு சுற்றிச் சுற்றி, அது சுண்டுவிரல் தடிமனுக்கு வந்துவிட்டது.

நடுவில் 2024உம் வந்தது, கள்ளச்சாராயம் ஊரில் கொத்துக்கொத்தாக உயிர்களைக் கொண்டுபோன வருடம். அதைப் பற்றிக் கள்ளக்குறிச்சியில் யாரும் வேடிக்கையாகப் பேச மாட்டார்கள், நானும் பேசப்போவதில்லை. சாராயத்தில் செத்தவர்களில் ஒருவன் மில்லில் செல்லமுத்துவுடன் மூட்டை தூக்கியவன். ஒரே தட்டில் சோறு தின்றவன். சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்த செல்லமுத்து மூன்று நாள் வண்டியை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் நிர்மலா மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து, அவர் கையை இழுத்து, கயிற்றின் மேல் தடவிவிட்டுப் போனாள்.

அடுத்த வருடம் ஜமீன் பிளாக் திரும்பி வந்தது.

யாரோ ஒரு புதுக் கம்பெனிக்காரன் பழைய பெயரை விலைக்கு வாங்கியிருந்தான். பாரம்பரியச் சுவை, அதே கருமை, அதே வீரியம் என்று விளம்பரம். கறிவேப்பிலைச் சாதப் பொடியிலிருந்து கக்கூஸ் கழுவும் திரவம் வரை எல்லாமே பாரம்பரியமாகிவிட்ட காலத்தில் பீர் மட்டும் என்ன பாவம் செய்தது? லேபிளில் மீசைக்கார ஜமீன்தார் மீசைக்கு டை அடித்துக்கொண்டு வந்திருந்தார். கள்ளக்குறிச்சிக் கடையில் முதல் பெட்டி இறங்கிய கால் மணி நேரத்தில் செல்லமுத்துவுக்குப் பதினேழு போன் வந்தது. பதினேழு பேரும் சொந்தப் பிள்ளை பாஸானதைப் போலச் சொன்னார்கள்.

பழைய கூட்டாளி பகலவன் போனோடு நிற்கவில்லை. அவர் பிளக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறார். காதுகுத்து, பூப்பெய்தல், கண்ணீர் அஞ்சலி எதுவாக இருந்தாலும் அன்றைக்கே அடித்துக் கம்பத்தில் கட்டிவிடும் திறமைசாலி. சனிக்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேனர் தொங்கியது. ஒருபுறம் நாற்காலியில் ஜமீன்தார். மறுபுறம் கைகூப்பியபடி செல்லமுத்து. 'ஒன்பது ஆண்டு தவம் நிறைவேறியது. வருக வருக!' செல்லமுத்துவின் அந்தப் போட்டோ மது ஒழிப்பு ஊர்வலத்தில் எடுத்தது. பகலவனிடம் வேறு போட்டோ இல்லை.

அந்தப் பேனரை அமீனுல்லா பாயும் பார்த்தார். கடைக்குள் வந்த செல்லமுத்துவிடம் கோபப்படவில்லை, கையை மட்டும் நீட்டினார்.

"சாவிய குடு செல்லமுத்து."

"இன்னா பாய்? இன்னும் கயிறே அறுக்கல."

"அறுத்துட்டு வா. நாளைக்கு மலைக்கி போறியாமே, ஊரே சொல்லுது. திங்கக்கெழம காலைல இங்க வந்து நில்லு. நீ எப்பிடி நிக்கிறன்னு பாத்துட்டு சாவிய குடுக்கறதா வேணாமான்னு சொல்றேன். அந்த வளைவுல வண்டி கவுந்தா புளி போனா போவுது, உன் வூட்டுக்காரிக்கி நான் இன்னா பதில் சொல்றது?"

செல்லமுத்து சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். மனசுக்குள் நியாயம் அவர் பக்கம் பொங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது வருடம் சொன்ன சொல் தவறாதவனுக்கு இரண்டு பாட்டில் குடிக்க உரிமை இல்லையா? நாளைக்குக் குடிப்பான், திங்கட்கிழமை வேலைக்குப் போவான், முடிந்தது கதை. இரண்டோடு நிறுத்திக்கொண்ட நாள் என்று ஒரு நாளாவது அவர் சரித்திரத்தில் உண்டா என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. யோசிக்கப் பிடிக்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய டி.வி.எஸ். மொபெட்டில் இரண்டு பேரும் கிளம்பினார்கள். மஞ்சப்பையில் எலுமிச்சம்பழம், சுருட்டு, கற்பூரம், இரண்டு ஜமீன் பிளாக். ஒன்று முனியப்பனுக்குப் படையல். முனியப்பன் அதெல்லாம் ஏற்றுக்கொள்கிற சாமிதான். படைத்தது பிரசாதமாகத் திரும்பி வந்துவிடும், பிரசாதத்தை வேண்டாம் என்று எந்தப் பெண்டாட்டியும் சொல்ல முடியாது. இரண்டாவது பாட்டில் தனக்கு. திட்டம் அப்படிப் பிரமாதமாக இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் போட்டதும் இதைப் போல ஒரு பிரமாதமான திட்டம்தான்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும் வரை நிர்மலா வாயே திறக்கவில்லை. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்து, ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தார் செல்லமுத்து. எல்லாம் வாய்க்குள்ளேயே கிடந்து ஊறின.

பொன்னுரங்கத்துக்கு இப்போது பல் கம்மியாகியிருந்தது, ஞாபகம் கம்மியாகவில்லை. "அட, பீரு வர்ற வரிக்கும்னு கெடு சொன்ன ஆளா நீ! வந்துருச்சா?" என்று ஆவலாகக் கேட்டார். நிர்மலாவைச் சாமிக்கு வலதுபுறம் நிற்க வைத்தார். கற்பூரம் காட்டினார். கத்தியைக் கயிற்றுக்கு அடியில் கொடுத்து இழுத்தார். ஒன்பது வருடக் கயிறு, ஒரே இழுப்பில் வரவில்லை, மூன்று முறை அறுக்க வேண்டியிருந்தது. கீழே விழுந்ததும் மணிக்கட்டில் அந்த இடம் மட்டும் வாழைத்தண்டின் உள்பக்கத்தைப் போல வெளுத்துக் கிடந்தது. செல்லமுத்துவுக்குக் கை திடீரென்று வேறு யாருடைய கையோ மாதிரி இருந்தது.

பூசாரி கத்தி முனையாலேயே பாட்டில் மூடியைத் தட்டித் திறந்தார். நுரை பொங்கி வழிந்தது. அந்த வாசனை வந்தது, அடிப்பிடித்த வெல்லப்பாகு. ஒரு மாற்றமும் இல்லை, கம்பெனிக்காரன் பொய் சொல்லவில்லை. செல்லமுத்துவுக்கு நாக்கின் அடியில் எச்சில் ஊறிவிட்டது. பூசாரி கொஞ்சம் மண்ணில் ஊற்றி, மீதியை நீட்டினார்.

"இந்தா, பிரசாதம்."

செல்லமுத்து கையை நீட்டினார். வாங்கிக்கொண்டே நிர்மலாவைப் பார்த்தார். அவள் கைப்பையில் எதையோ துழாவிக்கொண்டிருந்தாள்.

"பதினொன்ர மணிக்கி பஸ்ஸு இருக்குதாம், நான் அதுல போயிக்கிறேன்" என்றாள். "நீங்க குடிச்சிட்டு வண்டிய எடுக்காதீங்க. இங்கியே மரத்தடில படுத்துட்டு காலைல எறங்குங்க."

குரலில் கோபம் இல்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரரிடம் பேசுவதைப் போலப் பேசினாள். அதுதான் அவருக்குச் சுருக்கென்றது.

"ஒரு வார்த்த வேணான்னு சொல்ல மாட்டியா நீ?"

"நான் சொல்லியா இத்தினி வருஷம் குடிக்காம இருந்தீங்க?"

"பின்ன யாரு சொல்லி இருந்தேன்? நானாத்தான் இருந்தேன்!"

நிர்மலா நிமிர்ந்து பார்த்தாள். "நீயா?" என்றாள். இருபத்தைந்து வருடமாக ஒட்டியிருந்த 'ங்க' அந்த இடத்தில் கழன்று விழுந்தது. "நீயா இருந்த? ஒவ்வொரு ஆடிக்கும் இந்த மலையேறி வந்தனே, இவருகிட்ட இன்னா வேண்டிக்கினேன்னு நெனைச்ச? எம்புருஷனுக்கு நல்ல புத்தி குடுன்னா? அந்தக் கம்பெனிய தொறந்துராத சாமின்னு வேண்டிக்கினேன். அத்த மட்டுந்தான் வேண்டிக்கினேன். உன்ன நம்பி ஒரு நாளும் நான் வேண்டிக்கல."

செல்லமுத்து பாட்டிலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"தெனம் நீ வேல வுட்டு வர்றப்போ வாசப்படிக்கே வந்து கையிலேர்ந்து டிபன் கேரியர வாங்குறனே, அது எதுக்குன்னு நெனைச்ச?"

அது எதற்கு என்று அவருக்குத் தெரியும். பாசம். கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்தும் வாசலில் வந்து எதிர்கொள்கிற பெண்டாட்டி என்று பாயிடம்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். நாலு பேர் இருக்கும்போது கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருக்கிறார்.

"மோந்து பாக்கத்தான்" என்றாள் நிர்மலா. "ஒரு நாளு வுட்டதில்ல. டெங்கு காச்சல்ல கெடந்தேனே, அப்பக்கூட செவுத்த புடிச்சிக்கினு வந்து மோந்துட்டுத்தான் போயி படுத்தேன்."

செல்லமுத்துவுக்கு முகம் சுட்டது. அவமானமாக இருந்தது. முனியப்பன் முன்னால், பாதி ஊரின் கதை தெரிந்த ஒரு பூசாரி முன்னால், மூக்கறுபட்டு நின்றார். எத்தனை ஆயிரம் சாயந்தரங்கள்! அத்தனையிலும் அவர் தலை நிமிர்த்திப் படியேறினார், அவள் மூக்கை நிமிர்த்திக்கொண்டு நின்றிருக்கிறாள். ஊரே அவரை நம்பி உண்டியல் சாவியைக் கொடுத்தது, கட்டியவள் ஒருத்தி மட்டும் மூடிக்கிடந்த ஒரு பீர் கம்பெனியை நம்பிக்கொண்டு இருந்திருக்கிறாள். அதைவிட வலித்தது, அவள் நம்பியதுதான் சரி என்பது. முந்தாநாள் போன் வந்ததும் பதினேழு பேரிடமும் எத்தனை பெட்டி இறங்கியிருக்கிறது என்றுதானே அவர் கேட்டார்?

செல்லமுத்து பாட்டிலைக் கொண்டுபோய் முனியப்பன் காலடியில் வைத்தார். மஞ்சப்பையிலிருந்த மற்றதையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"பிரசாதத்த வேணான்னு சொல்லக் கூடாதுப்பா" என்றார் பொன்னுரங்கம்.

"நீங்க குடிங்க சாமி."

பொன்னுரங்கத்துக்கு அதில் மேற்கொண்டு ஆட்சேபனை இருக்கவில்லை. "அப்ப புதுக் கயிறு கட்டிர்லாமா? இந்த வாட்டியாவது கெடுவ ஒழுங்கா சொல்லு" என்று கருப்புக் கயிற்றை எடுத்தார். நிர்மலா வேகமாக ஒரு அடி முன்னால் வந்தாள்.

"கயிறு வேணாம்" என்றார் செல்லமுத்து.

"ஏன்?" என்றாள் அவள். அந்த ஒரு சொல்லில் அவளுடைய மொத்தப் பயமும் இருந்தது.

"கட்டினா சாமி காப்பாத்துச்சும்ப. கம்பெனி மூடிக்கினா கம்பெனி காப்பாத்துச்சும்ப. எங்கியாவது ஒரு எடத்துல எம்பேரு வர வேணாமா?"

அவர் திருந்திவிட்டார் என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். அது சுத்தமான வீம்பு. வேறு சரக்கைத் தொட மாட்டேன் என்று அந்தக் காலத்தில் பிடித்த அதே வீம்பு, இப்போது வேறு பக்கம் திரும்பியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் கையில் கயிறு இல்லாமல், கடையில் ஜமீன் பிளாக் இருக்கும்போது, அவர் குடிக்காமல் இருந்த முதல் மணி நேரம் அதுதான். மலைப்பாதையில் இறங்கும்போது தேவையில்லாத இடத்திலெல்லாம் பிரேக் பிடித்தார். பின்னால் உட்கார்ந்திருந்த நிர்மலாவுக்கு அது தெரிந்தது.

கச்சிராயபாளையத்தில் வண்டியை நிறுத்தினார். "ஒதுங்கிட்டு வந்துர்றேன்" என்று ரோட்டைத் தாண்டிப் போனார். அந்தப் பக்கம் ஒரு கட்டணக் கழிப்பறை, ஒரு டீக்கடை, ஒரு சைக்கிள் கடை, அதற்கடுத்து பச்சை போர்டு மாட்டிய மதுக்கடை. வாசலில் கூட்டம். நிர்மலா மொபெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு பஸ் வந்து பார்வையை மறைத்தது. பஸ் போனபோது அவரைக் காணவில்லை. ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று. வேண்டிக்கொள்ளலாம் என்று கண்ணை மூடினாள். என்னவென்று வேண்டிக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை, கம்பெனிதான் திறந்துவிட்டதே.

செல்லமுத்து டீக்கடைப் பக்கத்திலிருந்து வந்தார். அவளிடமிருந்து வண்டியை வாங்கிக்கொண்டார். நிர்மலா அவர் சட்டைக் காலர் மடங்கியிருப்பதைச் சரி செய்கிற சாக்கில் முகத்தருகே வந்தாள். காலர் மடங்கியிருக்கவே இல்லை.

செல்லமுத்து வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார்.

"ஊதட்டுமா?"

வேறு ஒருத்தியாக இருந்தால் சீச்சீ என்று வெட்கப்பட்டிருப்பாள்.

"ஊது" என்றாள் நிர்மலா.

நடுரோட்டில், பஸ்ஸுக்கு நின்ற ஜனங்கள் பார்க்க, போலீஸ்காரர் முன்னால் ஊதுவதைப் போல அவர் வாயைக் குவித்து ஊதினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, அவசரப்படாமல், முழுசாக மோந்தாள்.

"இன்னொரு தரம்" என்றாள்.

அவர் இன்னொரு தரம் ஊதினார்.